சோயிக்குட்டியின் வலது கை

சோயிக்குட்டி மரம் வெட்டுகிறவன். அப்படிச் சொன்னால் மட்டும் போதாது. எங்கள் தோணிக்கடவு ஊரில் மரம் வெட்டுகிறவர்கள் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் வெட்டினால் மரம் விழும். கூடவே ஒரு மாட்டுத்தொழுவமோ கிணற்றுச் சுவரோ விழும். சோயிக்குட்டி வெட்டினால் மரம் மட்டும்தான் விழும். இரண்டு வீடுகளுக்கு நடுவே முற்றிச் சாய்ந்து நிற்கும் பலாவை, இந்த வீட்டு ஓடு ஒன்று உடையாமல், அந்த வீட்டுத் துணிக்கொடி அறாமல், நடுச்சந்தில் பாய் விரித்த மாதிரி படுக்க வைத்துவிடுவான். அதற்காகச் சாலியாற்றின் அக்கரையிலிருந்துகூடத் தோணி ஏறி வந்து அவனைக் கூப்பிட்டுப் போவார்கள். அவனுக்கு அதில் கர்வம் உண்டு. இருக்க வேண்டியதுதான். படிப்பில்லை, நிலமில்லை, ஒரு கோடரியும் அது சம்பாதித்த பெயரும்தான் அவனுடைய சொத்து.

அவனுக்குக் கயிறு பிடிப்பவன் மம்மது. சோயிக்குட்டி உச்சியில் நின்று கொம்பைக் கழிக்கும்போது, கீழே நின்று கயிற்றை இழுத்து, கொம்பு விழ வேண்டிய பக்கம் விழும்படி பார்த்துக்கொள்வது அவன் வேலை. மீசை முளைக்காத வயதிலிருந்து இருவரும் கூட்டு. நல்ல மனுஷன், ஆனால் வாயில் பூட்டு கிடையாது. காலையில் அவன் காதில் விழுந்த சேதி மதியத்துக்குள் சாயாக்கடைக்கும் சாயங்காலத்துக்குள் பள்ளிவாசல் படிக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

சோயிக்குட்டியின் மனைவி சௌமினி, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியக் கஞ்சியும் பயறும் சமைக்கிறவள். ஒரே மகளை மஞ்சேரியில் கட்டிக்கொடுத்தாயிற்று. மாதத்துக்கு ஒரு தரம் ஞாயிற்றுக்கிழமையில் சௌமினி அக்கரையிலிருக்கும் தங்கை வீட்டுக்குப் போவாள். போகும்போது கொஞ்சம் மரவள்ளிக்கிழங்கோ பலாச்சுளை வறுவலோ கொண்டுபோவாள். தலை குளித்து, ஈரக் கூந்தலை நுனியில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, முகம் தெளிந்து திரும்பி வருவாள். பெண்களுக்குப் பிறந்த வீட்டு மனிதரைப் பார்த்தால் முகம் தெளியும் என்று சோயிக்குட்டி நினைத்துக்கொள்வான். அதற்குமேல் அவன் நினைக்கவில்லை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அந்த அரிப்பு வந்தது.

ஐப்பசி மழை ஓய்ந்த சமயம். வலது கையில், முழங்கைக்கு மேலே உள்பக்கமாகச் சிவந்து தடித்தது. அப்புறம் தோள், கழுத்தின் வலப்பக்கம். சின்னச் சின்னக் கொப்புளம், சொரிந்தால் நீர் கசிந்தது, காய்ந்தால் பொருக்குத் தட்டியது. பொருக்கு உதிர்ந்து, அப்பாடா என்று நினைக்கும்போது மறுபடி சிவந்தது. வலது கை என்றால் கோடரிக் கை. ஆகவே முதல் குற்றவாளி கோடரிக் காம்பு என்று முடிவாயிற்று. அவன் வருஷக்கணக்காகப் பிடித்துத் தேய்ந்த காம்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுக்காம்பு போட்டான். அரிப்பு காம்பைச் சட்டையே செய்யவில்லை.

அப்புறம் ஆளுக்கொரு வைத்தியம். சோப்புதான் காரணம் என்றார்கள். சோப்பை விட்டுப் பயறுமாவு தேய்த்தான். கத்தரிக்காய் ஆகாது என்றார்கள், கத்தரிக்காயை விட்டான். கருவாடு ஆகவே ஆகாது என்றார்கள். எங்கள் ஊரில் ஒருவனைக் கருவாட்டை விடச் சொல்வது உயிரைக் கொஞ்சம் விடச் சொல்வது மாதிரிதான், ஆனாலும் விட்டான். வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் குளித்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த களிம்பைத் தடவினால் அடங்கியது, நிறுத்தினால் இரட்டிப்பாக வந்தது. சில வாரம் ஒன்றுமே செய்யாமல் தானாகக் குறைந்தது; சில வாரம் எல்லாம் செய்தும் கூடியது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது அவனுக்கு. மரம் என்றால் சாய்மானம் பார்த்து எங்கே வெட்டுவது என்று சொல்வான். இதற்குச் சாய்மானமே தெரியவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவன் மம்மது. அதாவது, கண்டுபிடித்ததாக நினைத்தவன்.

மழைக்கு முன்னால் பள்ளிக்கூடத்து மைதானத்தின் ஓரத்தில் நின்ற ஒரு சேருமரத்தைச் சோயிக்குட்டி வெட்டியிருந்தான். சேரு பொல்லாத மரம். அதன் பால் பட்டால் மட்டுமல்ல, சிலருக்கு அடியில் நின்றாலே உடம்பு பொங்கும். எங்கள் பக்கத்து மரவெட்டிகள் அதை வெட்டுவதற்கு முதல் நாள் போய், ஒரு கல்லை அடியில் வைத்து, நாளைக்கு வரப்போகிறோம், மனதில் வைத்துக்கொள்ளாதே என்று சொல்லிவிட்டு வருவார்கள். அன்றைக்கு மழை திரண்டு வந்ததால் சோயிக்குட்டி கல்லும் வைக்கவில்லை, சொல்லவும் இல்லை. நேரே போய் வெட்டிச் சாய்த்துவிட்டான்.

“எடா சோயி, சேரு பிணங்கிடுச்சுடா. சொல்லாமக் கொள்ளாம வெட்டினா அதுக்குக் கோபம் வராதா? மனுஷனுக்கே வருது,” என்றான் மம்மது.

சேரு பிணங்கினால் தான்றிமரத்திடம் போக வேண்டும். அது எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அம்பலத்துக்குப் போகிறவனும் பள்ளிவாசலுக்குப் போகிறவனும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கட்சி. குன்றின் சரிவில் நிற்கும் பெரிய தான்றியை விடியற்காலையில் சுற்றி வந்து, சேரு செய்த குற்றத்தைத் தான்றி பொறுக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். ஒரு வாரம் விரதம். கஞ்சி மட்டும், மீன் கூடாது, மனைவியோடு படுக்கை கூடாது. வராந்தாவில் தனிப் பாயில் படுக்க வேண்டும்.

சோயிக்குட்டி சுற்றினான். வாரம் முடிவதற்குள் சிவப்பு வெளுத்து, கொப்புளம் வாடி, அரிப்பு பாதியாகிவிட்டது. களிம்புக்கு அடங்காதது, கருவாட்டை விட்டும் போகாதது, மரத்தைச் சுற்றினால் போகிறது என்றால் அப்புறம் என்ன சந்தேகம்? மம்மது கடை கடையாகப் போய்ச் சொன்னான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று சாயாக்கடையில் உட்கார்ந்திருந்த வாத்தியார் ஒருவர் சொன்னார். வாத்தியாருக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று அவரை அடக்கிவிட்டார்கள்.

ஆனால் ஒரு மாதத்துக்குள் அரிப்பு திரும்பி வந்தது. திரும்பவும் தான்றி, திரும்பவும் விரதம், திரும்பவும் குறைந்தது. மூன்றாவது முறையும் அப்படியே. தான்றி பொறுக்கிறது, சேரு பொறுக்கவில்லை; இதென்ன வழக்கு, இதை எந்தக் கோர்ட்டில் கொண்டுபோய் வைப்பது என்று புரியாமல் அவன் தவித்தான். விரதத்தில் இருக்கும்போது மரத்தில் கை வைக்கக் கூடாது என்பதால் இரண்டு பெரிய வேலைகள் வேறு ஆட்களுக்குப் போயின. ஒன்றில் கிணற்றுச் சுவர் விழுந்தது. அதைக் கேட்டுச் சந்தோஷப்படக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவனை நிஜமாகப் பயமுறுத்தியது. ஒரு வீட்டுப் பின்கட்டில் உயரமான ஆஞ்சிலி மரம். மேலே பாதிக் கொம்பு கழித்தாயிற்று. வெயில் ஏறி வியர்வை வழிந்து கழுத்துப் புண்ணில் இறங்கியது. தேள் கொட்டின மாதிரி ஒரு அரிப்பு. அவனை அறியாமல் கை சொரியப் போய்விட்டது. கோடரி நழுவியது. கொம்புகளில் இரண்டு தரம் மோதிக் கீழே போய், மம்மதின் பாதத்துக்குப் பக்கத்தில் மண்ணில் செருகி நின்றது.

மம்மது கோடரியைப் பிடுங்கி எடுத்து, மரத்தடியில் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு பீடி பற்ற வைத்தான். அன்று முழுவதும் அவன் பேசவே இல்லை. வாய் ஓயாத மனுஷன் பேசாமல் இருந்ததைப் பார்த்தபோதுதான் சோயிக்குட்டிக்கு விஷயம் உறைத்தது. அரிப்போடு வாழலாம். கூட்டாளியைக் கொன்றுவிட்டு வாழ முடியாது. காரணம் தெரிகிற வரை கோடரியைத் தொடுவதில்லை என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டான். தெரியவே இல்லையென்றால் இனி ஒருபோதும் தொடுவதில்லை.

மறுவாரம் மம்மதே அவனைக் கோழிக்கோட்டுக்குப் பஸ் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். தோல் வைத்தியம் பார்க்கிற லேடி டாக்டர் பொறுமைசாலி. வேலையைக் கேட்டார், சாப்பாட்டைக் கேட்டார். அடிக்கடி வெட்டுகிற மரங்களின் தூளைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வரச் சொன்னார். சோயிக்குட்டி பலா, தேக்கு, ஆஞ்சிலி எல்லாம் கொண்டுபோனான். தேக்கிலையில் சுருட்டிக் கொஞ்சம் சேருப் பட்டையும் கொண்டுபோனான். அதை மட்டும் டாக்டர் தொடவில்லை. இதை ஒட்டினால் எனக்கும் பொங்கும், நர்ஸுக்கும் பொங்கும், இதில் பரிசோதிக்க என்ன இருக்கிறது என்று சிரித்தார். மற்றதையெல்லாம், கூடவே அவரிடமிருந்த வேறு பல மருந்துகளையும், சின்னச் சின்னதாக அவன் முதுகில் ஒட்டி அனுப்பினார். குளிக்காமல் இருந்து திரும்பிப் போனபோது பிரித்துப் பார்த்தார். மரத்தூள் ஒட்டிய இடமெல்லாம் சுத்தமாக இருந்தது. ஒரே ஓர் இடம் மட்டும் சிவந்து கொப்புளித்து நின்றது.

“தலைக்கு டை அடிப்பீங்களா?” என்று கேட்டார் டாக்டர்.

“இல்லீங்க டாக்டர்.”

“மீசைக்கு?”

“என் ஆயுசுல அடிச்சதில்லீங்க.”

டாக்டர் அவன் தலையைப் பார்த்தார். ஐம்பதை எட்டிப் பிடிக்கப் போகிறவனுக்கு மை மாதிரி முடி. அவனுடைய அப்பனுக்கும் அப்படித்தான், சாகிற வரை நரைக்கவில்லை. ஆனால் அந்த அப்பன் வந்து சாட்சி சொல்லவா முடியும்? முடி கறுக்கப் போடுகிற சாயத்தில் இருக்கிற ஒரு சரக்கு அவனுக்கு ஆகவில்லை, மரத்தால் ஒன்றுமில்லை என்று டாக்டர் விளக்கினார். கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“எல்லா ஆம்பளைங்களும் இல்லைன்னுதான் சொல்வாங்க. நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்ல. அடிக்கிறதை விட்டுடுங்க, சரியாப் போயிடும்.”

டாக்டர் சொல்லவில்லை. மம்மது சொன்னான். பஸ் எங்கள் கடவுக்கு வந்து நின்ற நேரத்திலிருந்து ஊருக்கு வேறு பேச்சே இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சாயாக்கடையில், எந்தக் கம்பெனிப் பொடி அடிக்கிறாய், எங்களுக்கும் சொல்லேன் என்று கேட்டார்கள். தான்றியைச் சுற்றினாயே, அதற்கும் கொஞ்சம் டை அடித்துவிட்டு வந்திருக்கலாமே என்றார்கள். சத்தியம் செய்தால் இன்னும் சிரித்தார்கள். செய்யாத தப்புக்குக் கெட்டபேர் வாங்குகிறவனுக்கு ஒரு ஆத்திரம் வரும். சோயிக்குட்டிக்கு ஆத்திரத்தைவிடக் குழப்பம்தான் அதிகமாக வந்தது. தனக்கே தெரியாமல் ஒருவன் தலைக்குச் சாயம் போட்டுக்கொள்ள முடியுமா?

அன்று சாயங்காலம் வீட்டு முற்றத்தில் சௌமினியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, தன் தலையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னான். பேன் பார்ப்பது போல அவள் முடியை வகிர்ந்து வகிர்ந்து பார்த்தாள். ஒரே இடத்தில் அவள் விரல்கள் வெகுநேரம் நின்றுவிட்டன. தன் மேல் பரிதாபப்படுகிறாள் என்று நினைத்தான்.

“ஒண்ணுமில்லையே. உங்க முடி நல்ல முடி,” என்றாள் சௌமினி.

அவள் காய்ச்சிக் கொடுக்கிற எண்ணெயில் என்னென்ன போடுகிறாள் என்று கேட்டான். செம்பருத்தி, கற்றாழை, மிளகு என்று சொன்னாள். தலையணை உறையில் அங்கங்கே கறுப்பாக இருக்கிறதே, அது என்ன என்று கேட்டான். எண்ணெய்க் கறைதான் என்றாள். அப்படியானால் அந்த எண்ணெயும் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அவள் சரி என்றாள். ஏதோ சொல்ல வந்து மென்று விழுங்கின மாதிரி இருந்தது. ஆனால் அன்றைக்கு யார்தான் அவனிடம் ஏதோ சொல்ல வந்து சிரிப்பை மென்று விழுங்கவில்லை?

அதற்கு மறுநாளிலிருந்து சௌமினிக்கு இடுப்பு வலி வந்துவிட்டது. கட்டில் ஆகாது, கெட்டித் தரைதான் வேண்டும் என்று அடுக்களைக்குப் பக்கத்து அறையில் பாயை விரித்துக்கொண்டாள். தலையணை உறைகளை வெந்நீரில் போட்டு அலசினாள். தங்கை வீட்டுக்குப் போவதும் நின்றுபோயிற்று. இடுப்போடு தோணி ஏற முடியாது என்றாள்.

சோயிக்குட்டியின் அரிப்பு போய்விட்டது. தான்றியைச் சுற்றவில்லை, விரதம் இருக்கவில்லை, கருவாடுகூட மறுபடி தின்ன ஆரம்பித்திருந்தான். தோல் உரிந்து, புதுத்தோல் வந்து, குழந்தைக் கை மாதிரி ஆகிவிட்டது. வேறு ஒருவனாக இருந்தால் தேங்காய் உடைத்திருப்பான். சோயிக்குட்டி உட்கார்ந்து யோசித்தான். யோசிக்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். டாக்டர் சொன்ன சாயம் பொய், ஏனென்றால் அவன் போடாததை நிறுத்தவும் முடியாது. அப்படியென்றால் அவன் நிறுத்தியது என்ன? ஒன்றே ஒன்றுதான். ஆஞ்சிலியிலிருந்து இறங்கிய நாள் முதல் அவன் கோடரியைத் தொடவில்லை. சேரு கேட்டது கல்லும் இல்லை, விரதமும் இல்லை. கோடரியைக் கீழே வை என்றுதான் இவ்வளவு காலம் கேட்டிருக்கிறது. வைத்ததும் விட்டுவிட்டது.

இதை அவன் மம்மதிடம் சொன்னபோது, தான் கண்டுபிடித்த சேரு இப்படித் தன் பிழைப்பிலேயே வந்து விழும் என்று எதிர்பார்க்காத மம்மது தலையில் கையை வைத்துக்கொண்டான். கோழிக்கோட்டில் ஒரு லாட்ஜில் காவல்காரன் வேலை காலியாக இருப்பதாக மகளின் மாமனார் சொல்லியிருந்தார். மாதம் ஒரு தரம் ஊருக்கு வரலாம். கோடரி, அரிவாள், கயிறு எல்லாவற்றையும் எடவண்ணாக்காரன் விஜயன் என்ற மரவெட்டி வாங்கிக்கொள்வதாக ஏற்பாடாயிற்று. சௌமினியிடம் இதைச் சொன்னான். அவள் தலையாட்டினாள். இரண்டு நாள் அவள் சமைத்த கஞ்சியில் உப்பில்லை என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொன்னார்கள்.

விஜயன் வந்த அன்று பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. சோயிக்குட்டி கோடரியைச் சாணை பிடித்து, எண்ணெய் தடவி, முற்றத்தில் ஒரு சாக்கின் மேல் வைத்திருந்தான். விற்கப்போகிற பசுவைக் குளிப்பாட்டுகிறவன் மாதிரி காலையிலிருந்து அதைத் துடைத்துக்கொண்டே இருந்தான். மம்மது கயிற்றைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்தான். விஜயன் கோடரியை எடுத்து அதன் கூர்வாயை விரலால் தடவிப் பார்த்து, நல்ல இரும்பு என்றான். சோயிக்குட்டிக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கத் தோட்டத்துப் பக்கம் திரும்பினான்.

“அதை அங்கேயே வைங்க,” என்று சொல்லிக்கொண்டு சௌமினி உள்ளேயிருந்து வந்தாள். விஜயன் கோடரியைச் சாக்கில் வைத்தான்.

“சேரும் இல்ல, ஒண்ணும் இல்ல. காரணம் நான்தான்.”

“நீ என்ன?” என்றான் சோயிக்குட்டி.

அவள் கொண்டையை அவிழ்த்து, அவன் முன்னால் தலையைக் குனிந்து, இரண்டு கையாலும் வகிட்டைப் பிளந்து காட்டினாள். முடி கறுப்பாகத்தான் இருந்தது. அடியில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை வெளேரென்று முளைத்திருந்தது. நூறடி உயரத்தில் பட்டுப்போன கொம்பைத் தரையில் நின்றபடியே காட்டுகிறவன், பக்கத்தில் படுத்திருந்தவளின் வகிட்டை அன்றைக்குத்தான் பார்த்தான்.

“டை அடிக்கிறது நான். தங்கச்சி வீட்டுக்குப் போறது அதுக்குத்தான்,” என்றாள்.

“உன் தலையில நீ அடிச்சா எனக்கு ஏன் அரிக்கணும்?”

சௌமினி மம்மதையும் விஜயனையும் ஒரு தரம் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் சொன்னாள். “ராத்திரி என் தலை எங்க இருக்கும்?”

மம்மதுக்கு அந்தக் கணத்தில் பலாமரத்தில் எத்தனை காய் என்று பார்க்கத் தோன்றிவிட்டது. விஜயன் ஆற்றைப் பார்த்தான். சோயிக்குட்டி மட்டும் தன் வலது கையைத் தூக்கி, முழங்கைக்கு மேலே உள்பக்கத்தை, யாரோ ஒருவனுடைய கையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அப்போ தான்றி? தான்றியைச் சுத்தினா குறைஞ்சுதே?”

“அந்த வாரமெல்லாம் நீங்க எங்க படுத்தீங்க?”

விஜயன் வந்த வழியே போய்விட்டான். எடவண்ணாவில் போய் என்ன சொன்னானோ தெரியாது. மம்மது கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்கள் ஊர் சரித்திரத்தில் முதல் தடவையாக, வழியில் எந்தக் கடையிலும் நிற்காமல் வீட்டுக்குப் போனான்.

சோயிக்குட்டிக்கு அப்புறம்தான் கோபம் வந்தது. சாயமா பெரிது? ஊர் முழுக்கத் தன்னைப் பார்த்துச் சிரித்தபோது இவள் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள். தன் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்னாள். அந்தக் கோடரி ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் மம்மதின் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது? அவன் கத்தினான். அவன் கத்தி நாங்கள் கேட்டது அன்று ஒரு தரம்தான்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் எனக்கே தெரியாது. அதுக்கப்புறம் சொல்லணும்னுதான் வாயைத் திறப்பேன். நீங்க என் முகத்தைப் பார்ப்பீங்க. மூடிக்குவேன்,” என்றாள் சௌமினி.

சௌமினி அவனைவிட மூன்று வயது மூத்தவள். கல்யாணத்தின்போது பெண் வீட்டார் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். உண்மை தெரிந்தபோது மகள் நடக்க ஆரம்பித்திருந்தாள். அவன் அதை ஒரு சங்கதியாகவே எடுத்துக்கொள்ளவில்லை, மறந்தும் போனான். அவள் மறக்கவில்லை. நாற்பதில் அவளுக்கு நரை தட்ட ஆரம்பித்தது, கண்மை தடவி மறைத்துவந்தாள்; அவனுக்கு ஒரு முடிகூட வெளுக்கவில்லை. அரிப்பு தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த டீச்சர் ஒருத்தி, சேருமரம் வெட்ட வந்தவரை உங்கள் தம்பி என்று சொன்னார்களே, நல்ல வேலைக்காரர் என்று புகழ்ந்திருக்கிறாள். சௌமினி ஆமாம் என்று சொல்லிவிட்டாள். தன் புருஷனைத் தம்பி என்று ஒப்புக்கொண்டுவிட்டு வீட்டுக்கு வந்து, யாரிடமும் சொல்லாமல், அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போய் முதல் தடவையாகச் சாயம் போட்டுக்கொண்டாள்.

இதைக் கேட்டபோது சோயிக்குட்டியின் கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் நின்றது. சேரு ஒருவகையில் சம்பந்தப்பட்டிருக்கிறது என்று மட்டும் அவனுக்குத் தோன்றியது. அதை வெளியே சொல்லவில்லை.

சௌமினி ஒரு முடிவோடுதான் இருந்தாள். அவன் வேலைக்குப் போகட்டும். அவள் தனியாகவே படுத்துக்கொள்வாள். ஆனால் சாயத்தை விட முடியாது. ஆண்கள் நரைத்தால் பெரிய மனுஷன், பெண் நரைத்தால் கிழவி, அதிலும் இப்படிக் கறுத்த தலைக்காரன் பக்கத்தில் நின்றால் கேட்கவே வேண்டாம் என்றாள். அவன் கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு மம்மதோடு கிளம்பினான். போன இடத்திலெல்லாம் மரம் சொன்னபடி விழுந்தது. வியர்வை வழிந்தால் வியர்வையாகவே வழிந்தது. ஊரும் கொஞ்ச நாளில் கேலி செய்ய வேறு ஆளைப் பிடித்துக்கொண்டது.

ஆனால் அவன் இளைத்துக்கொண்டே போனான். எதனால் என்று மம்மது கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. அரிப்புக்காவது ஓர் இடம் இருந்தது, சொரிவதற்கு. இதற்கு அதுவும் இல்லை.

பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விட்டிருந்த சமயம். ஒரு நாள் வேலை சீக்கிரம் முடிந்து வந்தபோது, சௌமினி கிணற்றடியில் உட்கார்ந்து ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கறுப்புப் பொடியைக் குழைத்துக்கொண்டிருந்தாள். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று வீட்டிலேயே செய்ய ஆரம்பித்திருந்தாள். கிட்டே வராதீர்கள், பட்டுவிடும் என்றாள். அவன் கொஞ்சம் தள்ளி, துவைக்கிற கல்லில் உட்கார்ந்தான். அவள் குழைப்பதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சௌமினி, அரிப்பு போயிடுச்சு. தூக்கமும் போயிடுச்சு,” என்றான்.

அவள் குழைப்பதை நிறுத்தினாள்.

“கை சும்மா கிடக்கு. என்ன பண்றதுன்னு தெரியல.”

அதற்குமேல் அவன் சொல்லத் தெரிந்தவன் இல்லை. சௌமினி சிரட்டையைப் பார்த்தாள், அவன் தலையைப் பார்த்தாள், மறுபடி சிரட்டையைப் பார்த்தாள். எழுந்து போய் அதை வாழையடியில் கவிழ்த்தாள். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அழுகிறாளா, கோபமா என்று அவனுக்குத் தெரியவில்லை. திரும்பி வந்தபோது குரல் மட்டும் கறாராக இருந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற வரை அவள் வாசல்படி தாண்டப் போவதில்லை. மீன் வாங்குவதும் ரேஷன் வாங்குவதும் இனி அவன் பாடு. அதற்குள் யாராவது வீட்டுக்கு வந்தால், அவள் இல்லை என்று சொல்லிவிட வேண்டும்.

அப்படித்தான் சோயிக்குட்டி ரேஷன் கடை வரிசையில் பையோடு வந்து நின்றான். அவனை அங்கே யாரும் பார்த்ததில்லை. முன்னால் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்து, சௌமினியை வெளியிலேயே காணோமே, உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார்கள்.

“உடம்புக்கு ஒண்ணுமில்ல. நரைச்சுக்கிட்டிருக்கா,” என்றான் சோயிக்குட்டி. “எனக்குத்தான் இன்னும் காணோம்.”